மயிலாப்பூர்த் தெருவில் நான்கு வீடுகள்: ஒரு கட்டடக்கலைஞர் அலுவலகத்தின் பணி பற்றி

மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயில் மாடவீதிகளை ஒட்டிய குறுகலான தெரு ஒன்றில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு பழைய வீடு இருந்தது. அந்த மனையில் நான்கு வீடுகள் கொண்ட சிறிய அடுக்குமாடிக் கட்டடத்தை வடிவமைத்துக் கொடுத்த கட்டடக்கலைஞர் அலுவலகத்தின் பணியை இங்கே மதிப்பிடுகிறேன். குடியேறிய பின் ஒரு கத்திரி வெயிலும் ஒரு வடகிழக்குப் பருவமழையும் கழிந்துவிட்டன. சென்னையில் ஒரு கட்டடத்தைப் பற்றிப் பேசுவதற்கு இவ்விரண்டும் கழிந்திருக்க வேண்டும். பாராட்டும் குறையும் கலந்தே வரும் என்பதால் அலுவலகத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். பழைய தெருவில் மனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசிக்கும் எவருக்கும் இதில் உள்ள செய்திகள் உதவக்கூடும்.

மனை 30 அடி அகலமும் 90 அடி ஆழமும் கொண்டது. அதாவது 2,700 சதுர அடி. ஒரு கிரவுண்டுக்குச் சற்றுக் கூடுதல். பழைய தெருக்களில் மனைகள் இப்படி முகம் குறுகி உள்ளே நீண்டுதான் இருக்கும். திண்ணை, ரேழி, முற்றத்தோடு கூடிய கூடம், பின்கட்டு, கிணறு என்று வரிசையாக உள்நோக்கிச் செல்லும் வீட்டுக்கு ஏற்ற வடிவம் அது. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, உயர்மாடி அல்லாத கட்டடத்துக்கு எஃப்.எஸ்.ஐ. எனப்படும் தளப்பரப்புக் குறியீடு, அதாவது மனையின் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, 2. எனவே எங்கள் மனையில் 5,400 சதுர அடி வரை கட்டலாம். இந்தக் கணக்கு தெரிந்த பில்டர்கள் பலர் வீட்டுப் படியேறினார்கள். நிலம் நமது, கட்டுவது அவர்கள், பாதிக்குப் பாதி என்பதே எல்லோருடைய பேச்சும். அவர்கள் காட்டிய படங்கள் எல்லாமே ஒரே அச்சு: தரையில் தூண்களும் கார்களும், மேலே மூன்று மாடி, முகப்பில் கண்ணாடியும் அலுமினியத் தகடும். தெருவைப் பற்றிக் கேட்டால், ‘ஹெரிடேஜ் லுக் வேண்டுமென்றால் எலிவேஷனில் பண்ணிவிடலாம்’ என்றார் ஒருவர். மங்களூர் ஓடு வேய்ந்த ஒரு சிறு சாய்ப்பும், சிமென்ட்டில் வார்த்துத் தேக்கு நிறம் பூசிய இரண்டு தூண்களும்தான் அந்த ‘லுக்’ என்பது பிறகு தெரிந்தது.

சட்டம் இதில் நம்மைக் காப்பாற்றாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சென்னையின் பாரம்பரியக் கட்டடங்களைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் நீதிபதி பத்மநாபன் குழுவின் பட்டியலைக் குறிப்பிடுவார்கள். அதில் 467 கட்டடங்கள் உள்ளன. சென்னை உயர்நீதிமன்றத்தின் 2010ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பிறகு அந்தப் பட்டியலுக்கு ஒரு கனம் வந்தது. 2012இல் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டமும் நிறைவேறியது. ஆனால் பட்டியல் என்பது தனித்தனிக் கட்டடங்களின் பட்டியல். தோளோடு தோள் ஒட்டி நிற்கும் நாற்பது சாதாரண வீடுகள் சேர்ந்து உண்டாக்கும் ஒரு தெரு அதில் அடங்குவதில்லை. அந்த நாற்பதில் ஒன்றை இடிப்பவருக்கு அனுமதி கிடைத்துவிடும். பக்கத்து வீட்டோடு ஒத்துப்போக வேண்டும் என்று அவரிடம் யாரும் கேட்க மாட்டார்கள். ஆகவே தெருவுக்குப் பொருந்தக் கட்டுவது முழுக்க முழுக்க உரிமையாளரின் விருப்பத்தையும், அவர் அமர்த்தும் கட்டடக்கலைஞரின் பக்குவத்தையும் சார்ந்தது.

இந்த அலுவலகத்தின் பக்குவம் முதல் சந்திப்பிலேயே தெரிந்தது. அவர்கள் முகப்பைப் பற்றி எதுவும் பேசவில்லை. கார் எங்கே நிற்கும் என்றுதான் கேட்டார்கள். பழைய தெரு ஒன்றை இன்று சிதைப்பது உயரமோ நிறமோ அல்ல, ஸ்டில்ட் எனப்படும் தூண்தளம்தான் என்பது அவர்களுடைய வாதம். வாகன நிறுத்தத்துக்கு விடும் தூண்தளப் பரப்பு எஃப்.எஸ்.ஐ. கணக்கில் சேராது. எனவே தரைத்தளம் முழுவதையும் கார்களுக்கு விட்டுவிட்டு, அனுமதிக்கப்பட்ட பரப்பு அத்தனையையும் மேலே ஏற்றுவது பில்டருக்கு லாபம். விளைவாக, ஆள் உட்கார்ந்திருந்த இடத்தில் இரும்பு கேட் வருகிறது. வாசல் இருந்த இடத்தில் இருட்டான வாகன நிறுத்தம் வருகிறது. தெருவில் நடந்து செல்பவரின் கண்மட்டத்தில் வீடு என்று ஒன்றே இருப்பதில்லை. மூன்றாம் மாடியில் எவ்வளவு அழகாக ஓடு வேய்ந்தாலும் நடப்பவருக்கு அதனால் பயனில்லை. அவர் பார்ப்பதும் தொடுவதும் தரையிலிருந்து முதல் பத்து அடிதான். இந்தப் பத்து அடியை வைத்தே கட்டடம் முழுவதையும் யோசித்ததுதான் இந்த அலுவலகம் செய்த நல்ல காரியம். மற்ற எல்லாம் அதிலிருந்து வந்தவை.

தரைத்தளத்தின் முன்பகுதியில் ஏறத்தாழ 600 சதுர அடியில் ஒரு சிறிய வீடு. அதில் என் அக்கா இருக்கிறாள். வடபுறத்தில் பத்து அடி அகலத்துக்கு ஒரு வழி உள்ளே போகிறது. கார்கள் அந்த வழியே சென்று வீட்டுக்குப் பின்னால், மாடிகளின் அடியில் நிற்கின்றன. தூண்தளம் இருக்கிறது, ஆனால் அது பின்கட்டுக்குப் போய்விட்டது. தெருவிலிருந்து பார்த்தால் 30 அடி முகத்தில் மூன்று பங்கு தெரியும்: ஒன்றில் வண்டி வாசலின் மரச்சட்டக் கதவு, நடுவில் எல்லோருக்கும் பொதுவான தலைவாசல், மூன்றாவதில் அக்காவின் வரவேற்பறைச் சன்னல். பக்கத்து வீடுகளின் தூண் இடைவெளிகளும் ஏறத்தாழ இதே அளவுதான். இதற்காக ஸ்கேலும் டேப்புமாக ஒரு பயிற்சி மாணவி தெரு முழுவதும் அளந்துகொண்டு போனதை அக்கம்பக்கத்தார் பார்த்துவிட்டு, மெட்ரோ ரயிலுக்கு நிலம் எடுக்கப் போகிறார்கள் என்று பதறிப்போனது தனிக்கதை.

இந்த ஏற்பாட்டுக்கு விதியிலும் ஒரு வாய்ப்பு இருந்தது. தொடர் கட்டடப் பகுதி என்று குறிக்கப்பட்ட இடங்களில் பக்கவாட்டில் இடைவெளி விட வேண்டிய கட்டாயம் இல்லை. பழைய தெருக்களில் வீடுகள் சுவரோடு சுவராக நிற்பதை விதியே ஏற்றுக்கொள்கிறது. உங்கள் தெரு அப்படிப்பட்ட பகுதிக்குள் வருகிறதா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். வராவிட்டால் இரு பக்கமும் இடைவெளி விட்டுவிட்டு 30 அடி மனையில் இந்த வடிவத்தைக் கொண்டுவருவது மிகக் கடினம்.

முன்பக்க இடைவெளிக்கு இந்தச் சலுகை கிடையாது. பழைய வீட்டின் திண்ணை தெருவின் ஓரத்திலேயே இருந்தது; புதிய கட்டடத்தின் முன்சுவர் விதிப்படி பின்வாங்கியே தீர வேண்டும். வரிசையில் ஒரு பல் விழுந்தது போன்ற அந்தப் பள்ளத்தை எப்படி மறைப்பது என்பதுதான் கடினமான கேள்வி. எல்லோரும் அங்கே ஆறடிக்குக் காம்பவுண்டு சுவர் எழுப்பி மேலே கம்பி வைப்பார்கள். இவர்கள் அந்தச் சுவரை ஒன்றரை அடி உயரத்தில் நிறுத்தி, ஒன்றரை அடி அகலத்துக்குத் தடிமனாக்கி, மேற்பரப்பை வழவழப்பான சிவப்புக் காவித் தரையாகத் தேய்த்துவிட்டார்கள். விதியின் கண்ணில் அது மதில். உட்காருபவருக்கு அது திண்ணை. பக்கத்து வீட்டுத் திண்ணையின் விளிம்பும் இதன் விளிம்பும் ஒரே கோட்டில் போகின்றன. பங்குனிப் பெருவிழாவில் அறுபத்துமூவர் அன்று மாடவீதியில் கால் வைக்க இடமிருக்காது. கூட்டத்திலிருந்து ஒதுங்கி நீர்மோர் டம்ளரோடு வந்தவர்கள் யாரையும் கேட்காமல் அதில் உட்கார்ந்தார்கள். கட்டடம் தெருவுக்குப் பொருந்துகிறதா என்று கேட்பவர்களுக்கு நான் காட்டக்கூடிய சான்று அதுதான். பாதுகாப்பு என்னாவது என்று கேட்டவர்களும் உண்டு. உள்ளே தலைவாசலுக்கும் வண்டி வழிக்கும் கதவு இருக்கிறது. திண்ணையில் ஆள் இருக்கும் வீட்டுக்கு அதைவிடக் காவல் வேண்டியதில்லை என்பது என் எண்ணம், தம்பி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

வாசலில் இன்னொரு நுணுக்கம் உண்டு. சென்னைத் தெருக்களில் தார் மேல் தார் போட்டுச் சாலை ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. பழைய வீடுகள் பலவற்றில் இன்று தெருவிலிருந்து வீட்டுக்குள் படியிறங்கித்தான் போக வேண்டும். இப்போது பழைய தாரைச் சுரண்டிவிட்டுப் போடும் வழக்கம் வந்திருந்தாலும், அதை நம்பி யாரும் வீட்டைத் தாழ்வாகக் கட்டுவதில்லை. எனவே பில்டர்கள் பேஸ்மென்ட்டை நன்றாக உயர்த்தி, கார் ஏறுவதற்கான சரிவை வாசலிலேயே, சில சமயம் தெருவிலேயே, கொட்டிவிடுகிறார்கள். சரிவில் கோலம் போட முடியாது. நடப்பவருக்கும் கால் இடறும். இங்கே வீடு இரண்டு அடி உயரத்தில் இருக்கிறது, ஆனால் கார் வழி தெருமட்டத்திலேயே உள்ளே போய், கதவைத் தாண்டிச் சிறிது தூரம் சென்ற பிறகுதான் மெல்ல ஏறத் தொடங்குகிறது. தலைவாசல் முன் மூன்று கருங்கல் படிகள். அவற்றுக்குக் கீழே சாணம் தெளிக்கவும் புள்ளி வைக்கவும் எட்டடிச் சமதளம். இந்த எட்டடியை வரைபடத்தில் ஒரு தனி அளவாகக் குறித்து, ‘கோலம்’ என்றே எழுதியிருந்தார்கள்.

உயரத்தைப் பொறுத்தவரை, தெருவில் மிச்சமிருக்கும் பழைய வீடுகள் பெரும்பாலும் ஒரு மாடி கொண்டவை. கைப்பிடிச் சுவரின் தலை ஏறத்தாழ 24 அடியில் நிற்கிறது. புதிய கட்டடத்தின் முதல் மாடிக் கைப்பிடிச் சுவரையும் அதே 24 அடியில் நிறுத்தி, அங்கே ஒரு வரி எடுத்து, இரண்டாம் மாடியை ஆறு அடியும் மூன்றாம் மாடியைப் பதினைந்து அடியும் பின்னுக்கு இழுத்திருக்கிறார்கள். எதிர்வீட்டு வாசலில் நின்று பார்த்தால் மூன்றாம் மாடி கண்ணுக்குப் படாது. தெருமுனையிலிருந்து பார்த்தால் தெரியத்தான் செய்யும். முற்றிலும் மறைந்துவிட்டது என்று அவர்கள் சொல்லிக்கொள்வது சரியல்ல. இப்படிப் பின்வாங்கியதால் அனுமதிக்கப்பட்ட பரப்பில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. செலவை ஈடுகட்ட நாங்கள் விற்ற வீடு அந்த மூன்றாம் மாடி வீடுதான் என்பதால் அந்த விட்டுக்கொடுப்பு நேரடியாகப் பணமாகவே தெரிந்தது. குடும்பத்தில் இதற்கு ஒப்புதல் வாங்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆனால் வாங்கியவர் அந்த மாடியின் முன்னால் கிடைத்த திறந்தவெளிக்காகவே அதை வாங்கினார் என்பதையும் சொல்ல வேண்டும். அங்கிருந்து கிழக்குக் கோபுரம் முழுதாகத் தெரிகிறது.

சன்னல்கள் எல்லாம் மூன்றடி அகலம், ஐந்தடி உயரம். பழைய வீடுகளின் சன்னல்கள் நின்றவாக்கில் இருந்தன. எட்டடி அகலத்துக்குப் படுத்தவாக்கில் திறக்கும் இன்றைய நகரும் கண்ணாடிச் சன்னல் ஒன்றே போதும், அந்தத் தெருவின் முகத்தை மாற்றிவிட. சுவரின் உள்ளே தள்ளிப் பதித்து, வெளியே மரச்சட்டக் கதவும் உள்ளே கண்ணாடிக் கதவுமாக வைத்திருக்கிறார்கள். தூசி துடைப்பதுதான் பெரும்பாடு.

பழைய பொருள்களை என்ன செய்வது என்பதில் இவர்கள் காட்டிய அடக்கம் எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் பழைய வீடு மெட்ராஸ் டெரஸ் போட்டது. தேக்கு உத்திரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைக் குறுக்காக, மூலைவாட்டில், விளிம்பில் நிறுத்தி, சுண்ணாம்புக் கலவையில் அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளத்தைக் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து நாள்கணக்கில் அடித்துக் கெட்டிப்படுத்தும் முறை அது. இன்று அதைச் செய்யத் தெரிந்த கை அருகிவிட்டது. இடிப்பு ஒப்பந்தக்காரர்கள் தேக்கையும் இரும்பையும் தாங்களே எடுத்துக்கொண்டு நமக்குப் பணம் கொடுத்துவிடுவார்கள். பெரும்பாலான குடும்பங்கள் அதற்கே சம்மதித்துவிடுகின்றன. இந்த அலுவலகம் இடிப்பதற்கு முன்பே ஒரு பட்டியல் போட்டு, எது எடுக்கப்படும், எது அவர்களுக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொன்னது. உத்திரங்கள் அறுபட்டுச் சன்னல் சட்டங்களாகவும் படிக்கட்டுக் கைப்பிடியாகவும் மாறின. மெல்லிய செங்கற்கள் திண்ணைச் சுவரின் முகத்துக்குப் போயின.

திண்ணையில் நின்ற இரண்டு மரத்தூண்களை முகப்பில் நிறுத்த வேண்டும் என்று நாங்கள் எல்லோரும் ஆசைப்பட்டோம். அவர்கள் மறுத்துவிட்டார்கள். தூண் என்றால் எதையாவது தாங்க வேண்டும், கான்கிரீட் கட்டடத்தின் முன்னால் சும்மா நிற்கும் தூண் கல்யாண மண்டப அலங்காரமாகிவிடும் என்றார்கள். இரண்டும் இப்போது தலைவாசலைத் தாண்டிய நடையில், நாங்கள் ரேழி என்றே அழைக்கும் இடத்தில், முற்றத்தை ஒட்டிய ஒரு சாய்ப்பைத் தாங்கி நிற்கின்றன. தலைவாசலுக்குப் பழைய வீட்டின் நிலையும் கதவுமே வந்தன. ஆனால் பழைய நிலையின் உயரம் ஆறடிக்கும் குறைவு. குனிந்து நுழைவது அந்தக் காலத்து மரியாதையாக இருக்கலாம், ஃபிரிஜ் தூக்கி வருபவருக்கு அது தலைவலி. நிலையை அறுக்காமல், அடியில் எட்டு அங்குலத்துக்கு ஒரு கருங்கல் வாசற்படியும் இரு பக்கமும் கல் உதைப்பும் கொடுத்து மேலே தூக்கினார்கள். ஆசாரி அந்த இணைப்பைப் பொருத்திய விதத்தை விருந்தினர்களுக்கு நான் இன்னும் காட்டிக்கொண்டிருக்கிறேன். நிலையின் அடிக்காலில் பழைய மஞ்சள் குங்குமக் கறை அப்படியே இருக்கிறது. பாலிஷ் போடவந்தவரை அந்த ஒரு சாண் மட்டும் தொடாதே என்று தடுத்தவர் எங்கள் வீட்டார் யாருமில்லை, கட்டடக்கலைஞர்தான்.

வடிவமைப்பைத் தொடங்குமுன் எங்களை முட்டுக்காட்டில் உள்ள தக்ஷிணசித்ராவுக்குப் போய்வரச் சொன்னார்கள். 1996இல் திறக்கப்பட்ட அந்த வளாகத்தில், இடிபட இருந்த பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மீண்டும் நிறுத்தியிருக்கிறார்கள். அங்கே நகல் எடுக்க வேண்டாம், திண்ணையில் உட்கார்ந்து பாருங்கள், முற்றத்தின் அகலத்தையும் உயரத்தையும் பாருங்கள் என்பதே அறிவுரை. நல்ல அறிவுரை, அதன் பிறகு வரைபடங்களைப் பேசுவது எங்களுக்கு எளிதாயிற்று.

முற்றம்தான் உள்ளே இருப்பவர்களுக்குக் கிடைத்த பெரிய வசதி. இரு பக்கமும் சுவர் ஒட்டி நிற்கும் கட்டடத்தில் நடுவில் வெளிச்சம் வர வேறு வழியில்லை. தென்சுவரை ஒட்டிப் பத்தடிக்கு எட்டடி திறப்பு தரையிலிருந்து மொட்டைமாடி வரை போகிறது. எங்கள் தெரு வடக்கு தெற்காக ஓடுகிறது, வீடு கிழக்குப் பார்த்தது. பிற்பகலில் கடற்காற்று எழும்பும்போது முன்சன்னல்களில் நுழைந்து முற்றத்தின் வழியே மேலேறுகிறது. மே மாதத்தில்கூட மூன்று மணிக்கு மேல் கூடத்தில் மின்விசிறியோடு சமாளிக்க முடிந்தது. மேற்கு வெயில் அடிக்கும் பின்பக்கத்தில் படிக்கட்டு, லிஃப்ட், குளியலறைகள் ஆகியவற்றை வரிசையாக வைத்துவிட்டதால் படுக்கையறைச் சுவர்கள் சூடேறுவதில்லை. லிஃப்ட்டின் தலைப்பகுதியும் தண்ணீர்த் தொட்டியும் இதனாலேயே தெருவிலிருந்து தெரியாமல் போயின. ஏசியின் வெளிப்புற யூனிட்டுகள் எல்லாம் பின்சுவரில்; செம்புக் குழாயின் நீளம் கூடிச் செலவும் கூடியது. மின்வாரிய மீட்டர்கள் வாசலருகே இருந்தாக வேண்டும் என்பதால் ரேழியின் ஒரு பக்கச் சுவரில் மாடம் போல் ஒரு குழிவு விட்டு, மரச்சட்டக் கதவு போட்டு மூடியிருக்கிறார்கள்.

முற்றத்துக்கு விலையும் உண்டு. ஒரு வீட்டுத் தாளிப்பு நான்கு வீட்டுக்கும் தெரியும். மேல்மாடியில் நடக்கும் தொலைபேசிப் பேச்சு கீழ்வீட்டில் தெளிவாகக் கேட்கும். புறாக்கள் குடியேறிவிட்டதால் மேலே வலை கட்ட வேண்டி வந்தது. சென்னையில் திறந்த முற்றம் வைத்தால் புறா வரும் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். வலைக்கான கொக்கிகளைக் கட்டும்போதே பதிக்காமல் விட்டது அலுவலகத்தின் கவனக்குறைவு.

பழைய கிணற்றை மூடிவிட வேண்டும் என்று ஒப்பந்தக்காரர் பிடிவாதமாக இருந்தார், கார் திரும்ப இடம் கிடைக்கும் என்று. தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். கிணறு இருக்கும்போது புதிதாக உறிஞ்சுகுழி தோண்டுவானேன் என்று கேட்டு, மொட்டைமாடித் தண்ணீர் முழுவதையும் மணலும் ஜல்லியும் நிரப்பிய ஒரு தொட்டி வழியாகக் கிணற்றில் விட்டார்கள். கிணறு காப்பாற்றப்பட்டது. கார் திரும்ப இடமில்லாமல் போனதும் உண்மை: பின்னால் நிற்கும் நான்கில் ஒன்று எப்போதும் பின்னோக்கியே தெருவுக்கு வர வேண்டியிருக்கிறது.

சுண்ணாம்புப் பூச்சைப் பற்றி இரு மனமாகவே இருக்கிறேன். முதல் இரண்டு தளங்களின் முகப்புக்குச் சிமென்ட் பூச்சுக்குப் பதிலாகச் சுண்ணாம்பு பூசினால்தான் பழைய வீடுகளின் அருகில் ஒட்டும் என்றார்கள். ஒட்டத்தான் செய்கிறது, காலை வெயிலில் அந்தச் சுவரின் மென்மை பிளாஸ்டிக் பெயின்ட்டில் வராது. ஆனால் கிழக்குப் பார்த்த முகப்பு வடகிழக்குப் பருவமழையை நேராக வாங்குகிறது. மழை ஓய்ந்தபோது சன்னல் விளிம்புகளுக்குக் கீழே கரும்பச்சைக் கோடுகள் இறங்கியிருந்தன. சன்னல் கல்லின் நுனியில் நீர் சொட்டிவிட ஒரு காடி வெட்டியிருந்தால் இது பாதியாகக் குறைந்திருக்கும். பொங்கலுக்கு முன் சுண்ணாம்பு அடிப்பது ஒரு காலத்தில் எல்லா வீட்டிலும் இருந்த வழக்கம்தான் என்று அவர்கள் பதில் சொன்னார்கள். அந்தக் காலத்தில் அடிக்க ஆள் இருந்தார்கள். இப்போது சுண்ணாம்பு அடிக்க வருகிறேன் என்று ஒப்புக்கொள்ளும் பெயின்டரைத் தேடிப் பிடிப்பதே பெரிய வேலையாக இருக்கிறது.

இதைவிடப் பெரிய குறை மேற்பார்வை. வரைபடத்தில் இவ்வளவு யோசித்தவர்கள் கட்டுமான இடத்துக்குப் போதிய அளவு வரவில்லை. விவர வரைபடங்கள் தாமதமாக வந்தன. மேஸ்திரி காத்திருக்க மாட்டார், தனக்குத் தெரிந்தபடி கட்டிவிடுவார், பிறகு இடிப்பார். ரேழிச் சாய்ப்பின் ஓடுகள் முற்றத்துச் சுவரோடு சேரும் இடத்தில் தகடு மடிப்பைச் சரியாகச் செருகாததால் ஐப்பசி மழையில் உள்ளே ஒழுகியது. சாதாரணமாக, ஓடும் கான்கிரீட்டும் சந்திக்கும் இடமெல்லாம் ஒழுகும் என்று கொத்தனார்களே சொல்வார்கள்; அப்படித் தெரிந்த இடத்திலாவது பொறுப்பானவர் ஒருவர் நின்று பார்த்திருக்க வேண்டும். முறையிட்டதும் மறுக்கவில்லை, தங்கள் செலவிலேயே சரிசெய்தார்கள், ஆனால் வந்தது மழைக்காலம் முடிந்த பிறகு. ஆத்தங்குடித் தரையையும் இங்கே சேர்க்கலாம். பொது நடைகளில் அந்த ஓடுகளைப் பதித்துவிட்டு மற்ற வேலைகள் முடியும்வரை மூடிவைக்காமல் விட்டார்கள். பெயின்டர் சிந்திய தின்னரின் தடம் முதல் மாடி லிஃப்ட் வாசலில் நிரந்தரமாகிவிட்டது. கண்ணாடி மேல் வார்த்துச் செய்யும் சிமென்ட் ஓடு அது. கறை உள்ளே இறங்கினால் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தாலும் போகாது.

செலவு, பில்டர்கள் சதுர அடிக்குச் சொன்ன கணக்கைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடியது. அதில் கட்டடக்கலைஞரின் கட்டணம் சிறு பகுதிதான்; மர வேலையும் சுண்ணாம்பும் கைவேலைக் கூலியுமே மிச்சம். உடனே விற்றுவிடும் எண்ணத்தில் கட்டுபவர்களுக்கு இந்த வழி கட்டுப்படியாகாது. குடும்பத்தில் யாராவது அங்கேயே இருக்கப் போகிறார்கள், மனையும் கைவிட்டுப் போகக் கூடாது என்பவர்கள், கூட்டு ஒப்பந்தத்தில் பாதியைப் பில்டருக்குக் கொடுப்பதையும் கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். நாங்கள் ஒரு வீட்டை மட்டும் விற்றோம், அதற்குரிய பிரிக்கப்படாத நிலப்பங்கை மட்டுமே எழுதிக் கொடுத்தோம், மூன்று வீடுகள் எங்களிடமே நிற்கின்றன.

இந்த அலுவலகத்தை மற்றவர்களுக்குச் சொல்வேனா என்றால், சொல்வேன், சில நிபந்தனைகளோடு. 1972ஆம் ஆண்டின் கட்டடக்கலைஞர் சட்டப்படி பதிவு பெற்றவர்தான் தம்மைக் கட்டடக்கலைஞர் என்று அழைத்துக்கொள்ளலாம். பதிவு எண்ணை முதல் நாளே கேட்டு வாங்குங்கள். வாரத்துக்கு எத்தனை முறை இடத்துக்கு வருவார்கள், யார் வருவார், எந்தெந்தக் கட்டத்தில் கான்கிரீட் போடுமுன் அவர் கையெழுத்து வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கட்டணத்தின் கடைசித் தவணையை முதல் மழைக்காலம் கழியும்வரை நிறுத்திவைக்க ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள். நாங்கள் குடியேறிய அன்றே முழுவதும் கொடுத்துவிட்டோம். தண்ணீர், கழிவுநீர், மின்சாரக் குழாய்கள் உண்மையில் எந்த வழியாகப் போகின்றன என்பதைக் காட்டும் இறுதி வரைபடத்தையும் அந்தத் தவணையோடு சேர்த்துவிடுங்கள். எங்களுக்கு அது இன்னும் வரவில்லை. கேட்கும்போதெல்லாம் அடுத்த வாரம் அனுப்புகிறோம் என்கிறார்கள்.